‘சுகர் பார்டர்லதான் இருக்கு’ன்னு விட்டுடலாமா? மெனோபாஸ் வயதில் பெண்கள் கவனிக்க வேண்டிய 5 எண்கள்!

‘சாப்பாடு அதேதான். வேலையும் அதேதான். ஆனா வயிறு மட்டும் போட்டுக்கிட்டே போகுது..’ 45 வயதைத் தாண்டிய பெண்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஜாக்கெட் இறுகிப்போகும். நடு ராத்திரியில் குப்பென்று வியர்த்து விழிப்பு தட்டும். படியேறினால் மூச்சு வாங்கும். ‘வயசாகுதில்ல.. அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் ஒரு பதில் வரும். பேச்சும் அதோடு முடிந்துவிடும்.

எப்போதாவது ரத்தப் பரிசோதனை செய்தால் இன்னொரு வார்த்தை வரும். அது ‘பார்டர்’. ‘சுகர் பார்டர்ல இருக்கு’, ‘பிபி லேசா பார்டர்’, ‘கொழுப்பும் பார்டர்தான்’. பார்டர் என்றால் இன்னும் நோய் வரவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிடுகிறோம்.

ஆனால், ஒரே உடம்பில் மூன்று பார்டர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் மருத்துவம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. அதுதான் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’. தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பு என்று சொல்லலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி இது பெண்களிடம் அதிகரிப்பது ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றால் என்ன?

இது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. ஐந்து அளவுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது மூன்று எல்லையைத் தாண்டியிருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருப்பதாகக் கணக்கு. பெண்களுக்கான அந்த ஐந்து அளவுகள் இவைதான்:

1. இடுப்புச் சுற்றளவு: தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் (சுமார் 31.5 இன்ச்).

2. ரத்த அழுத்தம்: மேல் எண் 130 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 85 அல்லது அதற்கு மேல்.

3. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.

4. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு: 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.

5. ஹெச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு: 50 மி.கி.க்குக் கீழ்.

ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படுபவை. இதில் முக்கியமான ஒன்று.. பிபி, சுகர் அல்லது ட்ரைகிளிசரைடுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அளவு இப்போது நார்மலாக இருந்தாலும் அது ‘இருக்கிறது’ என்றே கணக்கில் வரும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை ரிப்போர்ட்டைப் பாருங்கள். 48 வயதுப் பெண். இடுப்பு 86 செ.மீ., பிபி 132/84, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, ட்ரைகிளிசரைடு 168, ஹெச்.டி.எல். 46. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தும் எண் இல்லை. ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய எண்கள்தான். ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து!

அப்படி என்ன ஆபத்து?

இதய நோய், நீரிழிவு தொடர்பான சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2009-ல் ஒரு பொதுவான வரையறையை வெளியிட்டன. மேலே சொன்ன ‘ஐந்தில் மூன்று’ என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது இல்லாதவர்களைவிட, அடுத்த 5 முதல் 10 ஆண்டுகளில் இதய ரத்தநாள நோய் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்றும், டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. கல்லீரலில் கொழுப்பு படியும் ‘ஃபேட்டி லிவர்’ பிரச்னையும் பெரும்பாலும் இதோடு கைகோத்தே வருகிறது.

இந்த எண்ணங்களுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன். சர்க்கரை, பிபி, கொழுப்பு ஆகியவை தனித்தனியாக வரவில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததே இவற்றின் பொதுவான வேர் என்று 1988-ல் அவர் விளக்கினார். அப்போது அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிண்ட்ரோம் எக்ஸ்’.

‘இதற்கு ஏன் தனிப் பெயர்? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனித்தாலே போதாதா?’ என்ற கேள்வியும் மருத்துவ உலகில் உண்டு. 2005-ல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு சங்கங்களே இந்தக் கேள்வியை எழுப்பின. பெயரில் சண்டை இருக்கலாம். ஆனால் ஒரு எண் கூடியிருந்தால் மற்ற நான்கையும் உடனே பார்க்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மெனோபாஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால், கடைசியாக வந்த நாளை மெனோபாஸ் என்று மருத்துவர்கள் குறிக்கிறார்கள். மேற்கத்திய நாடுகளில் இதன் சராசரி வயது சுமார் 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. அதற்கு முன் சில ஆண்டுகள் சுழற்சி முன்னே பின்னே ஆகும். ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. இந்தக் காலம்தான் ‘பெரிமெனோபாஸ்’. மாற்றங்கள் தொடங்குவது இங்கேதான், கடைசி மாதவிடாய்க்குப் பிறகு அல்ல.

இந்தக் காலத்தில் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கி, பிறகு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்றால் மாதவிடாய்க்கும் பிள்ளைப்பேறுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது செய்யும் வேலைகளின் பட்டியல் பெரியது.

முதல் வேலை.. கொழுப்பை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை பெண்களுக்குக் கொழுப்பு அதிகமாகத் தொடையிலும் பின்பக்கத்திலும் தோலுக்கு அடியில் சேர்கிறது. இது அவ்வளவாகத் தொந்தரவு தராத இடம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேரத் தொடங்குகிறது. சிக்கலே அங்கேதான்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தின் வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அதை வைத்து அதிக ட்ரைகிளிசரைடு தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் ‘போதும், நிறுத்து’ என்று சொன்னாலும் கேட்காமல் சர்க்கரையையும் வெளியே விடுகிறது. கணையம் இன்னும் அதிக இன்சுலின் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இதைத்தான் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்கிறார்கள். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. தெரிவது வயிறு மட்டும்தான்.

இரண்டாவது வேலை.. ரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருப்பது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது குழாய்கள் விறைப்பாகி பிபி ஏற வழி பிறக்கிறது.

மூன்றாவது வேலை.. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து எடுத்து அப்புறப்படுத்த கல்லீரலுக்கு உதவுவது. அந்த உதவி குறைந்ததும் எல்.டி.எல். ஏறுகிறது. மேலே உள்ள ஐந்து எண்களில் எல்.டி.எல். கிடையாது. ஆனாலும் மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிட அது அவசியம் என்பதால் ரிப்போர்ட்டில் அதையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் வயசாவதால் வருவதுதானே?

பாதி உண்மை. இதற்குப் பதில் சொன்னது அமெரிக்காவில் நடந்த ‘ஸ்வான்’ என்ற ஆய்வு. 1996-ல் தொடங்கி, 42 முதல் 52 வயதுக்குள் இருந்த 3,300 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இதில் இந்தியப் பெண்கள் தனிக் குழுவாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடல் எடை கூடுவது பெரும்பாலும் வயதோடு மெதுவாக நடப்பதுதான் என்று தெரிந்தது. ஆனால் மாதவிடாய் நிற்கும் காலகட்டம் தொடங்கியதும் உடலில் கொழுப்பு சேரும் வேகம் இரண்டு மடங்கானது. அதே நேரத்தில் தசை கரையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்கு முன்னும் பின்னுமான ஓராண்டில் மொத்தக் கொழுப்பும் எல்.டி.எல். கொழுப்பும் சட்டென்று ஏறின. வயதைக் கணக்கில் எடுத்த பிறகும், மெனோபாஸை ஒட்டிய ஆண்டுகளில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் வருவது அதிகரித்தது.

ஆக, எடை மெஷின் காட்டும் எண் பெரிதாக மாறாமலேயே உள்ளே கணக்கு மாறலாம். தசை குறைந்து கொழுப்பு கூடினால் மெஷினுக்கு அது தெரியாது. இன்ச் டேப்புக்குத் தெரியும்!

நம் பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

தெற்காசியர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கை, கால் ஒல்லியாக இருக்கும். ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். அதனால்தான் அமெரிக்கப் பெண்களுக்கு 88 செ.மீ. என்று வைத்த இடுப்பு எல்லையை நமக்கு 80 செ.மீ. என்று குறைத்திருக்கிறார்கள். ‘நான் ஒல்லிதானே’ என்ற நம்பிக்கையை டேப் வைத்துப் பார்த்த பிறகு சொல்வது நல்லது.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. ஆண்களில் இது சுமார் 12 சதவீதம்தான். அதாவது, மெனோபாஸ் தொடங்கும் முன்பே ஐந்தில் இரண்டு பெண்கள் அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறார்கள்.

கீழ்க்கண்ட பெண்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்:

- கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ பிபியோ வந்தவர்கள். குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று மறந்திருப்போம், உடம்பு மறப்பதில்லை.

- பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை இருந்தவர்கள்.

- 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள்.

- அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அல்லது இதய நோய் உள்ளவர்கள்.

- அறுவை சிகிச்சையில் சினைப்பைகளை எடுத்தவர்கள்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு குழப்பம் உண்டு. ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று மட்டுமே பல பெண்களுக்குத் தெரியும். கூடவே சினைப்பைகளை எடுத்தார்களா என்பது தெரியாது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் ஹார்மோன் சுரப்பு தொடரும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுந்துவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

இடுப்பை எப்படி அளப்பது?

பாவாடை நாடா கட்டும் இடத்திலோ பேன்ட் போடும் இடத்திலோ அளந்தால் கணக்கு தப்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, இயல்பாக மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். டேப் தோலில் படியணும், அழுத்தக் கூடாது.

ரத்தப் பரிசோதனைக்கு இரவு உணவுக்குப் பின் 9 முதல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். ‘ஒரு வாய் காபிதானே’ என்று குடித்துவிட்டுப் போனால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் தப்பாகக் காட்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. தைராய்டு குறைபாட்டிலும் எடையும் கொழுப்பும் ஏறும் என்பதால், அந்தப் பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம்.

சரி செய்ய முடியுமா?

முடியும். இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை ‘பார்டரில்’ இருந்த 531 ஆண்களையும் பெண்களையும் சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2006-ல் முடிவுகள் வெளியாகின. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. பார்டரை அப்படியே விட்டால் என்ன ஆகும், கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில்.

அமெரிக்காவில் 2002-ல் வெளியான இதே போன்ற பெரிய ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது சுமார் 5 கிலோ. அந்த இலக்கை நோக்கி உழைத்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

தட்டில் என்ன மாற்ற வேண்டும்?

இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு. காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை என்றால் கணக்கு அப்படித்தான் வரும். சாதத்தை அடியோடு விட வேண்டியதில்லை. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பகுதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம். மீதி கால் பகுதி சாதம். இந்தக் கணக்கு வந்தாலே பெரிய மாற்றம்.

சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். கம்பு தோசை என்பதற்காக ஆறு சாப்பிட முடியாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன்.

வீட்டுப் பெண்களுக்கே உரிய பழக்கம் ஒன்று உண்டு. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ராத்திரி 10 மணிக்கு, ‘வீணாப் போகுதே’ என்று மிச்சம் மீதியைச் சாப்பிடுவது. பெரும்பாலும் அதில் காய் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும், சோறு மட்டும் மிஞ்சியிருக்கும். இதை மாற்றுவது அந்தப் பெண் ஒருத்தியின் கையில் மட்டும் இல்லை. மொத்தக் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் மாறும்.

‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?’

நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கும். ஆனால் இதயத் துடிப்பு ஏறும் அளவுக்கான உழைப்பு அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. வாரத்தில் 5 நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்க வேண்டும். மொட்டை மாடி போதும். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும்.

நடை மட்டும் போதாது. சாப்பிட்ட பின் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அதிகமாக உள்வாங்குவது தசைகள்தான். அவை கரையும் வயது இது. அதனால் வாரத்துக்கு 2 நாளாவது தசைப் பயிற்சி அவசியம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது எனத் தொடங்கலாம். மூட்டு வலியோ நெஞ்சு வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி வியர்வையால் தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும், பிபியும் கூடும். மெனோபாஸுக்குப் பிறகு குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் பெண்களிடம் அதிகரிக்கிறது. ‘அம்மா இப்பல்லாம் பயங்கரமா குறட்டை விடுறாங்க’ என்று கேலி செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஹார்மோன் மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?

2002-ல் அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஹார்மோன் சிகிச்சை ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய், இதய பாதிப்பு, பக்கவாத ஆபத்துகள் காரணமாகப் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இன்றைய நிலைப்பாடு இதுதான்.. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகி 10 ஆண்டுகளுக்குள் உள்ள, வேறு தடை இல்லாத பெண்களுக்குக் கடும் வியர்வை, உடல் தகிப்புத் தொந்தரவுக்காக ஹார்மோன் சிகிச்சை தரலாம். ஆனால் சர்க்கரையையோ மாரடைப்பையோ தடுப்பதற்காக மட்டும் அதைப் பரிந்துரைப்பதில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற பாதிப்பு இருந்தவர்களுக்குப் பொதுவாக இது உகந்ததல்ல. தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இது இல்லை.

பிபிக்கோ கொழுப்புக்கோ மருத்துவர் மாத்திரை எழுதினால் ‘ஆரம்பிச்சா நிறுத்த முடியாது’ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். கட்டுக்குள் இல்லாத பிபிதான் மாத்திரையைவிட ஆபத்தானது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்றே சினிமா காட்டியிருக்கிறது. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு, சில நேரம் அது இல்லாமலேயே, மூச்சுத்திணறல், தாடை, முதுகு, தோள் வலி, குமட்டல், காரணமில்லாத கடும் அசதி வரலாம். ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். இன்னொன்று.. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் ரத்தப்போக்கு வந்தால், துளியளவு என்றாலும் மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கே பரிசோதிக்கலாம்?

30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிபி, சுகர் இலவசமாகப் பார்க்கப்படுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள், பிபி, சுகர் மாத்திரைகளும் தருகிறார்கள். கதவைத் தட்டும்போது வீட்டில் இருக்கும் பெரியவருக்கு மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல், சமையலறையில் இருப்பவரும் வந்து கையை நீட்டலாம்.

பீரோவில் கிடக்கும் அந்தப் பழைய ரிப்போர்ட்டை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். இன்ச் டேப்பால் இடுப்பை அளந்து, ஐந்து எண்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். மூன்று எண்கள் எல்லையைத் தாண்டியிருந்தால், அந்தத் தாளோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு 45 ஆகவில்லை என்றால், அம்மாவுக்கு எழுதிக் கொடுங்கள். ‘பார்டர்’ என்பது திரும்பி வர இன்னும் வழி இருக்கிற இடம்.